‘ஹி’ என்றால் நீயும்தான்

“எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் ப்ரிங் ______ புக்.”

கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் விடை அச்சாகியிருக்கிறது: ஹிஸ். அன்றைக்கு அறையில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் பெண்கள். சொல்லிக்கொடுத்த நானும் பெண். அவர்கள் ‘ஹிஸ்’ என்று எழுதினார்கள், நான் பதினேழு தாளிலும் டிக் போட்டேன்.

ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் மாணவி ஒருத்தி மட்டும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுக் கேட்டாள்: “மிஸ், இங்க பசங்களே இல்லீங்களே. அப்புறம் யாரோட புக்குங்க மிஸ்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “கிராமர்ல அப்படித்தாம்மா. ஹின்னா நீயும்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

(கேட்டாள் என்று எழுதியிருக்கிறேன். கேட்டார் என்று எழுதியிருக்க வேண்டுமோ? இதற்குப் பின்னால் வருகிறேன்.)

ஃபேர்லேண்ட்ஸ் சேலத்தின் வசதியான பகுதி. மருத்துவர்கள், வணிகர்கள், வக்கீல்கள் வீடு கட்டிய நிழல் சாலைகள். சாரதா பெண்கள் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அதனால் தையல் கடை, ஜெராக்ஸ் கடை, ஹாஸ்டல், எங்களைப் போன்ற ஸ்போக்கன் இங்கிலீஷ் மையம் எல்லாமும் இங்கேயே. அஞ்சு ரோட்டில் இறங்கி நடந்து வருகிற பெண்கள் யாரும் ஃபேர்லேண்ட்ஸ்காரர்கள் இல்லை. ஓமலூர், ஆத்தூர், இளம்பிள்ளை, நாமக்கல் பக்கத்துக் கிராமங்கள். ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியும் நேர்முகத் தேர்வில் வாய் திறக்க முடியாமல் திரும்பியவர்கள். அவர்களுக்கு நான் சொல்லித்தருகிற முதல் பாடம் நௌன், இரண்டாவது ப்ரோநௌன். பதினோரு வருடமாக இரண்டாவது பாடத்தில் இந்தப் பொய்யைச் சொல்லிவந்திருக்கிறேன். ‘ஹி’ என்றால் நீயும்தான்.

பொய் என்று ஏன் சொல்கிறேன்? இலக்கண விதிக்கு உண்மை, பொய் உண்டா என்று என் சக ஆசிரியர் கேட்டார். உண்டு. இந்த விதியைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள், நீதிமன்றத்தில் சோதித்தும் பார்த்தார்கள். முடிவு அச்சில் இருக்கிறது.

1850-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டங்களின் மொழியைச் சுருக்குவதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆண்பாற்சொல் வந்தால் அதில் பெண்ணும் அடக்கம் என்றது அது. 1867-இல் வாக்குரிமையை விரிவாக்கும் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, அதிலிருந்த ‘மேன்’ என்ற பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு ‘பெர்சன்’ என்று போடலாம் என ஜான் ஸ்டூவர்ட் மில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரே ஒரு பெயர்ச்சொல். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள். சரி, ‘மேன்’ என்றே இருக்கட்டும், 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் நாங்களும் அடக்கம்தானே என்று மான்செஸ்டரில் 5,346 பெண்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கேட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் ரிச்சர்ட் பாங்கர்ஸ்ட்டும் ஒருவர். 1868 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ‘மேன்’ என்பதில் பெண் அடக்கமில்லை.

வரி கட்டும்போது அடக்கம். சிறைக்குப் போகும்போது அடக்கம். ஓட்டுப் போடும்போது மட்டும் இலக்கணம் மாறிவிட்டது.

அது வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. அதே விதியைக் கப்பலேற்றி இங்கே இறக்கினார்கள். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, ‘ஹி’ என்ற சொல் ஆண், பெண் யாரையும் குறிக்கும் என்றது. 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவும் ஆண்பாலில் பெண்பாலை அடக்கியது. அப்படிப்பட்ட விதியை நம்பி 1916-இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி, வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டார். கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, சட்டம் ஆண்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது என்று சொல்லி மறுத்தார்கள். அடுத்து பாட்னாவில் சுதான்சு பாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். பெண்கள் வக்கீலாகலாம் என்று 1923-இல் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் அந்தக் கதவு நாடு முழுக்கத் திறந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த ரெஜினா குஹா ஒரு கொலை செய்திருந்தால் ‘ஹி’ என்ற சொல்லின் பேரில் தூக்கில் போட்டிருக்கலாம். தூக்கில் போடப்படும் இன்னொரு பெண்ணுக்காக வாதாடுவதற்கு மட்டும் அந்த ‘ஹி’ அவரை உள்ளே விடவில்லை. நம் சென்னை மாகாணத்திலும் பெண்களுக்கு ஓட்டு வர 1921-இல் சட்டசபை தனித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. மாகாணங்களில் சென்னைதான் முதலில் செய்தது என்று நாம் பெருமை பேசுகிறோம், பேசலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை உள்ளே சேர்க்க எதற்குத் தீர்மானம்?

ஆகவே என் வகுப்பில் நான் சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். கடமை என்றால், தண்டனை என்றால், ‘ஹி’யில் நீயும் உண்டு. உரிமை என்றால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் ‘ஹி’ ஆண், பெண், திருநர் எல்லாரையும் குறிக்கும் என்று விரித்திருக்கிறார்கள். முன்னேற்றம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது சொந்த வீட்டை விரிவாக்குகிறேன் என்று சொல்லி, பட்டாவை மட்டும் ஒரே ஆள் பேரில் வைத்திருக்கும் குடும்பத்தை நினைவூட்டுகிறது. சேலத்துக்காரர்களான நாம் இதில் ஏமாறக் கூடாது. பிரித்திகா யாஷினி நம் ஊர்க்காரர். காவல் துறை உதவி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என இரண்டே வகை இருந்ததால் அவர் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். எல்லாரையும் அடக்குவதாகச் சொன்ன சொல் அங்கே எங்கே போயிற்று? அவர் உயர் நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் சாதகமான தீர்ப்பு வந்தது. 2017-இல் தருமபுரியில் பணியில் சேர்ந்தார். அவருக்காக எந்த ‘ஹி’யும் விரிந்து கொடுக்கவில்லை. தன் சொல்லைத் தனியாக எழுதவைத்தார்.

இங்கே தமிழ்ப்பற்றுள்ள நண்பர்கள் கை தூக்குவார்கள். ஆங்கிலத்தின் அழுக்குக்குத் தமிழ் என்ன செய்யும், நம்மிடம்தான் ‘அவர்’ இருக்கிறதே, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய், மரியாதையாய்?

இருக்கிறது. யாருக்கு இருக்கிறது? ஃபேர்லேண்ட்ஸில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். டாக்டரம்மாவுக்கு ‘அவங்க’. டிரைவர் வயதில் மூத்தவரென்றால் ‘அவரு’. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு, அவர் பாட்டி ஆகியிருந்தாலும், ‘அது’. “அது இன்னும் வரல, லீவு போட்டிருச்சு.” அந்த வீட்டுப் பத்து வயதுப் பையனும் அப்படியே சொல்கிறான், யாரும் அவன் நாக்கைத் திருத்துவதில்லை. வந்தவரின் சாதி, கூலி, பால் மூன்றையும் அந்த ஒரு சொல் கணக்குப் போட்டுவிடுகிறது.

கூலிக்கு வருபவருக்கு மட்டுமா? “அந்தப் பொண்ணு வந்துச்சு”, “புள்ள பெரியவளாயிருச்சு”, “எம் பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்குது.” இதில் பாசம் இருக்கிறது, எனக்கும் தெரியும். என் அப்பா என்னை ‘அது’ என்றுதான் சொல்வார், குரலில் சர்க்கரை ஒழுகும். ஆனால் திருமணமான மகனை யாரும் ‘வந்துச்சு’ என்பதில்லை. மகன் மீசை முளைத்ததும் அஃறிணையிலிருந்து வெளியேறிவிடுகிறான். மகளுக்கு வேலையோ காசோ பதவியோ வந்தால்தான் வெளியேற்றம். அதுவும் வீட்டுக்குள் செல்லாது. தொல்காப்பியம் பெண்ணை உயர்திணையில்தான் வைத்தது. நாம்தான் வீட்டு வினைமுற்றில் கீழே இறக்கிவைத்திருக்கிறோம். என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவிகள் எப்போதும் இரண்டு, மூன்று பேர் இருப்பார்கள். இதைச் சொன்னதும் அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள். அவர்கள் மொழியில் அவள் வந்தாலும் நாய் வந்தாலும் வினை ஒன்றுதான், ‘ஒச்சிந்தி’. ஆண் வந்தால் மட்டும் வேறு.

கொங்குச் சீமைக்கு ‘ங்க’ பெருமை வேறு. மாட்டைக் கூட மரியாதையாக ஓட்டுவோம் என்பார்கள். மனைவி கணவனை ‘ஏனுங்க’ என்பாள். கணவன் மனைவியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று உங்கள் தெருவில் காது கொடுத்துப் பாருங்கள்.

ஆகவே அந்த அடைப்புக்குறிக்குத் திரும்புகிறேன். மாணவியை ‘கேட்டாள்’ என்று எழுதினேன். ஆண் மாணவனாக இருந்தாலும் ‘கேட்டான்’ என்றே எழுதியிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சக ஆசிரியருக்கு ‘கேட்டார்’ என்று என் கை தானாகவே போட்டது. நானும் கணக்குப் போடுகிறேன். இந்தக் கட்டுரையில் இனி ‘கேட்டார்’ என்றே எழுதப் போகிறேன், வாசிக்கச் சற்று விறைப்பாக இருந்தாலும்.

வகுப்பில் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் அந்தப் பயிற்சிக்கு ‘தேர்’ என்ற விடையைச் சொல்லித் தருகிறேன். எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் ப்ரிங் தேர் புக். ஒருமைக்கு எப்படிப் பன்மை வரும் என்று ஆண் ஆசிரியர்கள் பதறுகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் அப்படி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் எழுதினார். 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் ‘ஹி’யை விதியாக்கினார்கள். அவர்களில் ஆன் ஃபிஷர் என்ற பெண்ணும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பதினோரு வருடம் டிக் போட்டவளுக்கு அவரைத் திட்டும் யோக்கியதை இல்லை.

சுவாரசியம் என்னவென்றால், ஆசிரியர்களுக்குப் புரியாதது மாணவிகளுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. நம் ‘அவர்’ ஆதியில் பலர்பால். ஒரே ஆளுக்கு மரியாதை கொடுக்கத் தமிழ் பன்மையை எடுத்துக்கொண்டது. ‘நீங்கள்’ என்பதும் அப்படித்தான். ஒருவரைப் பலராக்கிப் பேசியே பழகிய நமக்கு ஒருமை ‘தே’ என்ன பெரிய கஷ்டம்? “அவரு மாதிரிங்களா மிஸ்” என்று ஒரு மாணவி கேட்டார். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. பழைய விடைத்தாளை வைத்துக்கொண்டு திருத்தும் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தந்திரம் சொல்கிறேன். வாக்கியம் நீங்களே எழுதுவதாக இருந்தால் ‘ஆல் ஸ்டூடண்ட்ஸ்’ என்று தொடங்கிவிடுங்கள், எந்த மார்க்கும் போகாது.

பெயர்ச்சொல் பாடம்தான் இதைவிடச் சிக்கல். தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிகளில் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தைத் திறந்தால், உயிரற்ற பொருள்களுக்கும் பால் பிரித்திருக்கிறது. வலிமையும் வன்முறையும் உள்ளவை ஆண்பாலாம்: சூரியன், காலம், மரணம். அழகும் மென்மையும் உள்ளவை பெண்பாலாம்: நிலா, வசந்தம், அமைதி, கருணை. எழுதிய ரென் பிரெஞ்சு அந்நியப் படை பற்றிச் சாகச நாவல்கள் எழுதியவர் என்பது தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. சித்திரை மாதத்தில் கருணையும் அமைதியுமாக விறகு சுமக்கும் பெண்களின் மகள்கள் இதை மனப்பாடம் செய்தார்கள். ‘மாஸ்டர்’ பெண்பாலில் ‘மிஸ்ட்ரஸ்’. ஆணுக்கு எஜமானன் என்ற பொருள் மட்டும் நின்றுவிட்டது, பெண்ணுக்கு வைப்பாட்டி என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. ‘பேச்சிலர்’ கல்யாணச் சந்தையில் விலை ஏறுகிறான். அதற்கு எதிர்ப்பால் ‘ஸ்பின்ஸ்டர்’, நூல் நூற்பவள் என்ற தொழிற்பெயராக இருந்து வசையாக முடிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு தரப்பு என்னோடு மோதும். சங்கத்தில் வேலை செய்யும் என் தோழிகள். “கூலி ஒழுங்கா வரல, நீ ஹி, ஷின்னு உட்கார்ந்திருக்க. இதெல்லாம் வயிறு நிறைஞ்சவங்க பிரச்சினை.” ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் உட்கார்ந்து பேசுகிறவளுக்கு இந்தக் குத்து தேவைதான். ஆனாலும் அவர்களுக்கு ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன் என்று ஒன்று உண்டு. எழுந்து நின்று ஐந்து வாக்கியம் பேச வேண்டும். நாங்களே எழுதிக் கொடுத்த அச்சு: மை ஃபாதர் இஸ் எ ______. மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப். கவனியுங்கள், அப்பாவுக்குக் கோடு, அம்மாவுக்குக் கோடே இல்லை. சிவதாபுரம் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, அப்பா லாரி டிரைவர், அம்மா ஹவுஸ்வைஃப் என்று தடங்கலில்லாமல் ஒப்பித்தார். விரல்நுனிகளில் தீக்காயத் தழும்பு இருந்தது. என்னம்மா இது என்றேன். “கொலுசு பத்த வைக்கிறதுங்க மிஸ். அம்மா கூட நானும் செய்வேன்.” வெள்ளிக் கண்ணியைக் கோத்து, பொடி வைத்து, கேஸ் தீயில் ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிற வேலை. காலையில் சமையல் முடித்ததும் அம்மா உட்கார்ந்தால் இருட்டும் வரை. கூலி எடைக்கணக்கில். ஊரெல்லாம் கால் நிறையப் போட்டுக்கொள்கிற சேலத்துக் கொலுசு அந்த வீட்டுத் திண்ணையில் உருவாகிறது. செய்கிறவரின் பெயர்ச்சொல், ஹவுஸ்வைஃப்.

2001 கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்பவர்கள், சிறைவாசிகளோடு ஒரே வகையில் போட்டிருந்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2023-இல் அதே நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதாதீர்கள், ‘ஹோம்மேக்கர்’ என்று எழுதுங்கள் என்றது. நல்லதுதான். தமிழில் நமக்கு இன்னும் பெரிய மகுடம் உண்டு, ‘இல்லத்தரசி’. 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடம் உழைக்கிறார், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் பாத்திரம் தேய்க்கும் அரசியைத் தமிழில் மட்டும்தான் பார்க்கலாம். ஆனால் கொலுசு பற்றவைக்கும் அந்த அம்மாவுக்கு மூன்று சொல்லும் பொருந்தாது. அவர் தொழிலாளி. அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தால் பிள்ளைக்குக் கல்வி உதவி, முதுமையில் ஓய்வூதியம். பதிய வேண்டுமென்றால் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ஒரு பெயர்ச்சொல் எழுத வேண்டும். வயிறு நிறைந்தவர்கள் பிரச்சினையா இது, தோழிகளே?

1951-52 முதல் பொதுத்தேர்தலின்போது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாத பெண்கள் சுமார் 28 லட்சம் பேரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். பெயர் இல்லாமல் பிரதிப்பெயர் இல்லை என்பது இலக்கணத்தின் முதல் விதி. தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதில் கறாராக நின்றார். அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன். அடுத்த தேர்தலில் அந்தப் பெண்கள் பெயரோடு வர வேண்டும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு.

அந்த மாணவியின் அச்சுத்தாளில் ‘ஹவுஸ்வைஃப்’பை அடித்துவிட்டு ‘சில்வர் ஆங்க்லெட் மேக்கர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அவர் அதைத் தப்பில்லாமல், சற்று சத்தமாகவே சொன்னார். நலவாரியப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அம்மா தீயை அணைத்துவிட்டு எழுந்தார், எனக்கு டீ வைத்தார், படிவத்தை இரண்டு கையாலும் வாங்கி மகளிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“கொலுசுத் தொழிலாளின்னு எழுதினா, எங்க வேலை செய்யறன்னு கேப்பாங்களா டீச்சர்?”

கேட்பார்கள் என்றேன்.

“அப்ப வெள்ளி குடுக்கறவரு பேரைச் சொல்லணுமே. சொன்னா அடுத்த வாரம் வெள்ளி குடுப்பாருங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சங்கத்துத் தோழியைக் கூட்டிவருகிறேன் என்றேன். படிவத்தில் பெயர் எழுதியாகிவிட்டது, வயது எழுதியாகிவிட்டது. தொழில் என்ற கட்டம் காலியாக, அவர்கள் வீட்டு அலமாரியில் ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.